சுவரில் படித்தவள்

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்று எங்களுடையது. அதன் சுவரைத் தொட்டால் கை நனையும். அந்த ஈரத்துக்காக அப்பா தீபாவளிக்குத் தீபாவளி கோதுமை மாவில் கூழ் காய்ச்சி, பழைய பத்திரிகைத் தாள்களைச் சுவர் முழுக்க ஒட்டுவார். படம் போட்டவை மேலே. வெறும் எழுத்துத் தாள்கள் கீழே, தங்கச்சி உட்காரும் பக்கம்.

வீட்டில் கதைப் புத்தகம் எதுவும் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளுக்கு அந்தக் கீழ்த்தாள்களைத்தான் படித்துக் காட்டுவேன். அவை தலைகீழாக இருந்ததால் கழுத்தைக் கோணிக்கொள்வேன். அவளோ கோணாமல், விரல் வைத்துக் கூடவே வருவாள்.

அவள் முதலாம் வகுப்புக்குப் போன சில மாதங்களில் டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். யாழ்ப்பாணத்து டீச்சர். அப்பா மலைக்கு வேலைக்குப் போகாமல் வந்து கைகட்டி நின்றார்.

"பிள்ளைக்கு ஒரு எழுத்தும் பிடிபடேல்லை. இன்னும் ஒரு வருசம் முன்பள்ளியில இருக்கட்டும்."

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. "வீட்டுல நல்லா படிக்குதுங்க டீச்சர். மூத்ததக் கேட்டுப் பாருங்க" என்றார்.

டீச்சர் பக்கத்தில் நின்ற என்னைக் கேட்கவில்லை. தங்கச்சி முன்னால் ஒரு புத்தகத்தை விரித்து வைத்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு கடகடவென்று வாசித்தாள்.

டீச்சர் புத்தகத்தை நேராக்கினார். தங்கச்சி திரும்பவும் உதட்டைப் பிதுக்கினாள். மறுபடி திருப்பினார். அதுவரை பார்த்தே இராத பாடத்தையும் வாசித்தாள். எங்கள் நாற்றம் பிடித்த சுவர் அந்தக் குட்டித் தலைக்குள் இத்தனை வேலை செய்திருக்கிறதே! பாவம், வகுப்பில் கரும்பலகையை அவள் எப்படித் திருப்புவாள்?

"எங்கயம்மா பழகினனி?"

"எங்க வீட்டுச் செவத்துல."

டீச்சர் புத்தகத்தை மூடினார். "பிள்ளை இஞ்சயே இருக்கட்டும். நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார்.

வீட்டுக்கு வந்த அப்பா சுவர் முன்னால் வெகுநேரம் நின்றார். "பாப்பா, இதுல எது தலப்பக்கம்?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். காட்டினேன். படம் இருந்த தாள்களில் ஒன்றுகூடப் பிசகவில்லை. எழுத்துத் தாள்கள்தான் தலைகீழ்.

"ஏம்ப்பா இப்புடி ஒட்டுனீங்க?"

"சும்மாதான் புள்ள."

தங்கச்சி கெட்டிக்காரியாக வேண்டுமென்றே அப்பா செய்த வித்தை அது என்று மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்துத் திரிந்தேன்.