அரைவட்டத் தியோடலைட்

திருச்செங்கோடு பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சர்வே பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பழைய அளவைக் கருவிகளைப் பார்த்து வயது சொல்லக்கூடியவர் என்று எனக்கு ஒரு பெயர் வந்திருந்தது. நாலைந்து காம்பஸ்களுக்குச் சொன்னது சரியாகப் போனதில் வந்த பெயர்தான். அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஒரு கண்காட்சிக்காக, பழைய கருவி வைத்திருப்பவர்கள் கொண்டுவரலாம் என்று அறிவித்திருந்தோம். ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். வீட்டோடு நாலு பவர்லூம் போட்டு ஓட்டுகிறவர். துணைக்கு அவருடைய அண்ணன். கட்டைப்பைக்குள் துண்டு சுற்றி ஒரு பித்தளைத் தியோடலைட் இருந்தது. கோணம் அளக்கிற, தொலைநோக்கி வைத்த கருவி.

“எங்கப்பா சர்வேல நெலம் அளக்கற செயின் புடிச்சவருங்க சார். ரிட்டயர் ஆறப்ப ஆபீசரு கையால குடுத்தாருன்னு சொல்லுவாரு. நூறு வருசத்துக்கு மேல ஆச்சும்பாரு. நெசமாங்களான்னு பாத்துச் சொல்லுங்க.”

சுற்றிலும் மாணவர்கள் செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கருவி தங்கம்போல மின்னியது. அதேபோல மின்னுகிற போலிகளை முந்தின வாரம்தான் சேலத்தில் ஓர் அலங்காரப் பொருள் கடையில் பார்த்திருந்தேன். செங்குத்துக் கோணம் படிக்கிற வட்டம் இதில் பாதிதான் இருந்தது. நான் கையாண்டதெல்லாம் முழு வட்டம். எந்த நாட்டில் செய்தது என்றும் பொறிக்கவில்லை. இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. பெரிதாக்கிப் பார்க்கிற லென்ஸ் சட்டைப் பையிலேயே இருந்தது.

“இது ஷோகேஸுக்குச் செய்யறதும்மா. செஞ்சவனுக்குப் பித்தளை பத்தலை போல, வட்டத்தைப் பாதியிலேயே விட்டுட்டான்” என்றேன்.

மாணவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அம்மா துண்டைச் சுற்ற ஆரம்பித்தார். “நாந்தான் சொன்னேனே, அப்பா சொன்னதுல எதுதான் நெசம்?” என்றார் அண்ணன்.

அடுத்த வருடம் ஆய்வகத்தின் பழைய புத்தகங்களைக் கழிக்கும்போது, அட்டை போன ஒரு பாடநூலில் அந்தப் படத்தைப் பார்த்தேன். அதே அரைவட்டம். தொலைநோக்கியை முழுதாகப் புரட்டுகிற வகை பரவுவதற்கு முன்பு இப்படித்தான் செய்தார்களாம். அன்று ஒரு மாணவன் எடுத்து அனுப்பியிருந்த படத்தைச் செல்போனில் தேடிப் பெரிதாக்கினேன். கோணம் காட்டும் அளவுக் கோடுகள் பித்தளையில் இல்லை, பதித்த வெள்ளிப் பட்டையில் மயிரிழையாக ஓடின. திருகுகளின் தலையில் இருந்த வெட்டுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. கையால் அறுத்தவை. செய்தவர் பெயரும் ஊரும் மட்டும் இருந்தன. நாட்டின் பெயரைப் பொறிப்பது பின்னால் வந்த வழக்கம். நான் போலிக்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டதெல்லாம் பழமைக்கு அடையாளம். நூறு வருடம் என்பதே குறைவு.

உடனே போயிருக்க வேண்டும். வருகைப் பதிவில் அவர் முகவரி இருந்தது. பரீட்சை, விடைத்தாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லி எட்டு மாதம் ஓட்டினேன். உண்மையில் பயம்தான்.

போனபோது என்னை அடையாளம் கண்டு தறியை நிறுத்தினார். உள்ளே அழைத்து மோர் கொடுத்தார். “நம்ம ஊட்டுக்கெல்லாம் வருவீங்கன்னு நெனைக்கவேயில்லைங்க சார்.”

அந்தக் கருவியை இன்னொரு முறை பார்க்கலாமா என்று கேட்டேன்.

“அதா? கோயிலுக்குப் பெரிய குத்துவெளக்கு உருக்கி வாக்கறதுக்கு ஊரே பித்தள குடுத்துச்சுங்க. ஷோகேஸ் சாமான்தானேன்னு அண்ணன் அதையும் தூக்கிப் போட்டுட்டாரு. சாமிக்குத்தானே போச்சுன்னு நானும் உட்டுட்டேன்.”

சொல்லாமலே கிளம்பிவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். ஆனால் சுவரில் அவருடைய அப்பாவின் படம் இருந்தது. மோரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். செல்போனில் இருந்த படத்தையும் காட்டினேன்.

நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “அப்ப அன்னைக்கு எதுக்குங்க சார் அத்தன பேரு முன்னால சிரிச்சீங்க?” என்று மட்டும் கேட்டார்.



அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, அவரிடமும் சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுமுனையில் லாரி ஹாரன் சத்தம் கேட்டது. “அன்னைக்கும் நீங்கதானுங்களே சொன்னீங்க. இப்ப சாமானும் இல்ல. எதைங்க நம்பறது?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அந்த அம்மா நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். “எழுதிக் குடுங்க சார்.”

கருவியின் விவரத்தை எழுதினேன். ‘நான் சரியாகப் பார்க்காமல் தவறாகச் சொன்னேன்’ என்றும் சேர்த்தேன். வாங்கிப் படித்தார்.

“ஆபீசரு கையால குடுத்தாருன்னும் சேத்துங்களேன்.”

“அது எனக்குத் தெரியாதும்மா. வயசு மட்டும்தான் சொல்ல முடியும்.”

“சரி, எங்கப்பா அதோட வயசச் சரியாத்தான் சொன்னாருன்னு எழுதுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்.”

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாளை நாலாக மடித்து அப்பா படத்துக்குப் பின்னால் செருகினார். பிறகு போய்த் தறியைப் போட்டார். அந்தச் சத்தத்தில் நான் “போயிட்டு வாரேங்க” என்றது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.