எனிட் குரோப்பரின் கடைசி வசனம்

எனிட் குரோப்பர் மேடையேறி முப்பத்தோரு வருஷம். அத்தனை வருஷமும் டீத் தட்டு ஏந்தியே போயிற்று. வேலைக்காரி, சமையற்காரி, விட்டால் மறுபடி வேலைக்காரி. "டீ கொண்டு வரட்டுங்களா?" என்று கேட்பாள், போய்விடுவாள். கொலையைக் கண்டுபிடிப்பதெல்லாம் எடுப்பான மூக்குள்ளவர்களின் வேலை.

அந்தக் கோடையில் இங்கிலாந்தின் மார்கேட் என்ற கடற்கரை ஊரில் ஒரு கொலை நாடகம். கொலைகாரன் யாரென்று கடைசி வரியில் போட்டு உடைப்பவள் வேலைக்காரி! எனிட்டுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் நாடகத்தின் கடைசி வரியை ஒத்திகையில் சொன்னால் நாடகம் ஊத்திக்கொள்ளும் என்பது நாடகக்காரர்களின் நம்பிக்கை. டைரக்டர் லெஸ்டர் அதில் படு கறார்.

"ஒரே ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கறேனே, லெஸ்டர்."

"மூச்சு விட்டே, கொன்னுடுவேன்! 'டம்டிடம்'னு சொல்லிட்டுப் போ, டார்லிங்."

மூன்று வாரம் 'டம்டிடம்' என்றே சொன்னாள். பயந்துபோய் குளியலறையில்கூட அந்த வரியை முணுமுணுக்கவில்லை.

முதல் நாள் அரங்கு நிறைந்திருந்தது. இன்ஸ்பெக்டர் கேட்டார்: "சொல்லும்மா, அன்னிக்கு என்ன பாத்தே?"

எனிட் வாயைத் திறந்தாள். உள்ளே 'டம்டிடம்' மட்டும்தான் இருந்தது.

கைக்குத் தெரிந்ததைக் கை செய்தது. தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றாள். யாராவது வசனத்தை எடுத்துக் கொடுக்க மாட்டார்களா என்று கண்ணால் கெஞ்சினாள். கொலைகார டாக்டராக நடித்த ரூபர்ட்டின் முன்னால் நின்றவள் நகரவேயில்லை. அரங்கில் யாரும் இருமக்கூட இல்லை. ரூபர்ட்டுக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஆமா! நான்தான் கொன்னேன்! போதுமா?"

திரை விழுந்தது. கைதட்டல் காதைப் பிளந்தது.

"நாளைக்குக் கண்டிப்பாச் சொல்லிடறேன், லெஸ்டர்" என்று எனிட் அழுதாள்.

"சொன்னே, தொலைஞ்சே! அந்த முழிக்குத்தான் ஜனம் வரப்போவுது."

அப்படித்தான் வந்தது. சினிமாக்காரர்களும் வந்தார்கள். எல்லாம் தெரிந்தும் எதுவும் சொல்லாத வேலைக்காரியாகப் பதினோரு படம். அவள் முழித்த முழியில் பதினோரு கொலைகாரர்கள் ஒப்புக்கொண்டார்கள். எனிட்டுக்கு மட்டும் அந்த ஒரு வரி தொண்டையிலேயே நின்றது.

பன்னிரண்டாவது படத்தின்போது ஸ்டூடியோ கேன்டீனில் ரூபர்ட்டைப் பார்த்தாள். தலை சுத்தமாக வழுக்கை. எதிரே போய் நின்று, நிமிர்ந்து, கணீரென்று சொன்னாள்:

"டாக்டரோட கையுறையில ரத்தம் இருந்துச்சு, சார்!"

ரூபர்ட் மெல்ல எழுந்தார்.

"அதான் அன்னிக்கே ஒத்துக்கிட்டேனே, தாயே. உக்காரு. டீ கொண்டு வரட்டுங்களா?"