ராக்கம்மாவும் தரங்கம்பாடிச் சீமையும்

தரங்கம்பாடிச் சீமையில் பிறந்தவனை இங்கிலீஷ்காரன் கப்பலேற்ற முடியாதாம். அது டேனிஷ்காரன் மண்ணாம். மலாயாவில், தம்பின் டவுன் பாசாரில் எவனோ சொன்னதை மளிகைக்கடை சைதூன் பீவி கொண்டுவந்து ராக்கம்மாவின் காதில் போட்டாள்.

“ஒங்க தோட்டத்துப் பெரிய தொரையும் டேனிஷ்காரருதானேக்கா? போயிக் கால்ல விழு லா.”

ரப்பர் பால்வெட்டு வாளியைப் போட்டது போட்டபடி ராக்கம்மா தோட்டத்து ஆபீசுக்கு ஓடினாள்.

எமர்ஜென்சி காலம். காட்டில் ஒளிந்து சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்கு, அந்தக் காட்டுக்காரர்களுக்குப் போய்விடுமென்று, தோட்டத்துக் கம்பிவேலியைத் தாண்டி ஒரு பிடி சோறுகூடப் போகக்கூடாது. அவளுக்கோ இரண்டு கரு தங்கவில்லை; மூன்றாவது தங்கியதும் காட்டோரத்து முனியாண்டிக்குப் படையல் நேர்ந்துகொண்டாள். புருஷன் வீரமுத்து சோற்றையும் கருவாட்டையும் வாளிக்குள் மறைத்துக் கொண்டுபோய் இலையில் வைத்தான். போலீஸ்காரர்கள் அங்கேயே பிடித்துவிட்டார்கள்.

“சாமிக்குங்க.”

“எந்தச் சாமிடா துப்பாக்கி வச்சிருக்கு?”

இந்தியாவுக்கு நாடு கடத்த உத்தரவு. அவனைத் துறைமுகத்தில் அடைத்திருந்தார்கள். இன்றைக்குக் கப்பல்.

ஆபீஸ் வாசலில் கணக்கெழுதும் கிராணி சிரித்தார். “ஓசியில ஊருக்கு அனுப்புறான். அதுக்குப் போயி அழுவுறியே!”

“மூணு வயசுல வந்தவருங்க. அங்க அவருக்கு ஒரு நாயைக்கூடத் தெரியாது.”

சத்தம் கேட்டுத் துரை உள்ளே கூப்பிட்டார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவள் கொட்டித் தீர்த்தாள். “அவரு பொறந்தது பொறையாறு பக்கம் எருக்கட்டாஞ்சேரி, தொரை. ஒங்க சீமை. ஒங்க ஆளை நீங்கதான் கேக்கணும்.”

துரை மேசைமேல் விரலால் கோடிழுத்தார். “இங்க கடல். இங்க கோட்டை. சுத்தி வயலு, உப்பளம், சின்னச் சின்னக் கிராமம். தஞ்சாவூர் ராஜாகிட்ட எங்காளுங்க வாங்கினது. பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கேன்.” விரல் நின்றது. “அப்புறம் இங்கிலீஷ்காரனுக்கு வித்துட்டாங்க, ராக்கம்மா. நூறு வருசத்துக்கும் மேல ஆச்சு.”

“வித்தாச்சா? கோட்டையையா?”

“எல்லாத்தையும். எருக்கட்டாஞ்சேரியும் சேத்து.”

“ஆளுங்களோடயா தொரை?”

அவர் கோடுகளை உள்ளங்கையால் துடைத்தார், ஏதோ இருந்தாற்போல. “ஆளுங்களோட.”

அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இனிக் கேட்க ஒரு ராஜாவும் இல்லை.

துரை டெலிபோனை எடுத்துத் துறைமுகப் போலீசைக் கேட்டார். கப்பல் ஏற்றிவிட்டார்களா என்றாவது தெரியட்டும் என்றார். குழாய்க்குள் மணி அடிப்பது தரையிலிருந்த அவளுக்கும் கேட்டது. துரை காது மாற்றி வைத்துக்கொண்டார். அவள் அவர் வாயையே பார்த்தாள். அங்கே யாரும் எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.