மூட்டை இறக்கும் இடம்

கொச்சி வல்லார்பாடத்தில் கண்டெய்னர் துறைமுகம் திறந்த வருஷம் நான் ஒரு பாட்டுக் கட்டினேன். எனக்கு எழுத்துத் தெரியாது. அரிசிக் கிடங்கில் சுமை தூக்கிக்கொண்டே வாயாலே கட்டியது. ஜெபக்கூட்டத்தில் நாங்கள் நாலு பேர் அதைப் பாடினோம்.

இன்று மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டு மாடியில் சின்னதாகக் கிறிஸ்தவப் பாட்டுக் கச்சேரி. முப்பது பேர்தான் இருந்தோம். இளம் பாடகர் ஒருவர் கிடாரை எடுத்து என் பாட்டையே பாடினார்!

முடித்ததும், "பழைய பாட்டாக்கும். ஆரு கெட்டினதுன்னு ஆர்க்கும் தெரியாது" என்றார்.

எழுந்துவிட்டேன். "நான் கெட்டினது மோனே."

சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த சேட்டன், "அப்பச்சா, தாவீதோட சங்கீதமும் நீங்கதானா?" என்றார்.

நான் பாடகரிடம் கேட்டேன்: "மூணாவது வரியில பாதியில நிறுத்துறியே, எதுக்கு?"

"எனக்குச் சொல்லித் தந்தது அப்படி. காரணம் தெரியாது அப்பச்சா."

"அது மூட்டையை இறக்குற இடம். இறக்கினாத்தான் மூச்சு வரும். மூச்சு வந்தாத்தான் கர்த்தர் பேரு வாயில வரும்."

சிரிப்பு நின்றது. அவர் மறுபடி பாடினார். அந்த இடத்தில் முப்பது பேரும் சேர்ந்து மூச்சு விட்டோம். அப்போதே எனக்குப் புதுச் சரணம் வந்தது: "தோள் காய்த்தவனுக்குத் தோள் தந்தவரே." நான் சொல்லச் சொல்ல அவரே எழுதிக்கொண்டார், கீழே என் பெயரையும்.

இதை நான் சொல்ல, மருமகள் போனில் அடிக்கிறாள். இன்னும் நம்பாதவர்கள் தாராளமாகக் கீழே கமெண்டில் எழுதுங்கள், சாட்சிக்கு ஆள் இருக்கிறது. அன்று என்னோடு பாடியவர்களில் இரண்டு பேர் போய்விட்டார்கள். இன்னும் உயிரோடு இருப்பவர், சண்டைக்கும் சளைக்காதவர், தோப்பும்படியில் இருக்கிற ரோசி சேச்சி.