விதைப்பூண்டுக்காகவா அப்பா பெண் கேட்டார்?

அப்பா எங்களைவிட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேராவது ஒரு காலத்தில் அவரைச் சந்தேகப்பட்டவர்கள். அதற்காக இன்று யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. அந்த வரிசையில் முதலில் நின்றவர் அம்மாதான்.

அப்பா பிறந்தது பாலசமுத்திரத்தில். ஒன்பது வயதில் தகப்பனாரை இழந்தார். ஆயக்குடிக் கொய்யாத் தோப்புகளில் காய் பறிக்கப் போய்த்தான் அவருடைய தாயார் அவரைப் படிக்கவைத்தார். அப்பா பயிர்நோய்ப் படிப்பை முடித்து, கொடைக்கானல் மலையில் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னாளில் பல நாட்டு விஞ்ஞானிகள் அவரைத் தேடி வந்தார்கள். பத்திரிகைகள் எழுதியதை நான் திரும்ப எழுதப் போவதில்லை. வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா வேலைக்கு வந்த புதிதில் அம்மாவின் ஊரான வடகவுஞ்சியில் பூண்டுப் பயிர் வேரழுகிச் செத்தது. அம்மாவின் தகப்பனார் நிலத்தில் மட்டும் பயிர் நின்றது. அப்பா நேரே போய் விதைப்பூண்டு கேட்டார். தாத்தா மறுத்துவிட்டார். நான்கு மாதம் கழித்து அதே வீட்டுக்கு அப்பா பெண் கேட்டுப் போனார்.

அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, எல்லோர் முன்னிலையிலும் சொன்னாராம்: “வெதை கேட்டாரு, குடுக்கலை. இப்பப் பொண்ணு கேக்குறாரு. ரெண்டும் ஒரே சோலிதாங்க.”

அப்பா அதை மறுக்கவில்லையாம். அம்மா சம்மதித்தார். ஆனால் நம்பவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு கூடை விதைப்பூண்டு அம்மாவோடு வந்தது. அம்மா அதைப் பரணில் ஒளித்துவைத்துவிட்டு, கடைத்தெருவில் மளிகைக் கடை பாயிடம் பூண்டு வாங்கி, அதை அப்பாவிடம் கொடுத்தார். வடகவுஞ்சிப் பெண் கடையில் பூண்டு வாங்குகிறாரே என்று பாய்க்கும் சந்தேகம். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொண்டார். பூண்டு அழுகும்போது அப்பாவின் முகம் தன்னிடம் எப்படி மாறுகிறது என்று அம்மா பார்க்க நினைத்தார்.

பண்ணையில் நட்ட பூண்டு அழுகியது. அப்பா வந்தார், கை கழுவினார், சாப்பிட்டார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததே அம்மாவுக்கு இன்னும் உறுத்தலாக இருந்தது. அடுத்த போகத்திலும் கடைப்பூண்டையே கொடுத்தார். அதுவும் அழுகியது. இதற்கிடையில் அப்பாவின் சட்டைப்பை, நோட்டு, வந்த தபால் எதுவும் அம்மாவின் கண்ணுக்குத் தப்பவில்லை.

மூன்றாம் முறை கூடையை நீட்டியபோது நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். இதுவும் பாய் கடைப் பூண்டுதானா என்று அப்பா சாதாரணமாகக் கேட்டாராம். முதல் கூடையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“தெரிஞ்சும் ஏன் நட்டீங்க?”

“இதையே உங்கப்பா நெலத்துலயும் ஒரு மூலையில நட்டேன். அவருகிட்டக் கேட்டுட்டுத்தான் நட்டேன். அங்க அழுகலை. விசேசம் வெதையில இல்ல, மண்ணுல இருக்கு.”

அழுகலைத் தடுக்கும் ஒரு நுண்ணுயிர் அந்த மண்ணில் இருந்தது. அப்பாவுக்குப் பெயர் வாங்கித் தந்த கண்டுபிடிப்பு அதுதான். பெரிய மாமாவோ, விதைக்கு வரவில்லையென்றால் மண்ணுக்குத்தான் வந்திருக்கிறார் என்று சொல்லி வேலியை உயர்த்திக் கட்டினார்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவுக்கு வந்த ஓர் ஆங்கிலக் கடிதத்தை அம்மா என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அந்த நுண்ணுயிரின் உரிமையைத் தனக்கு மட்டும் கேட்டிருந்தது. அப்பாவுக்கு அங்கேயே வேலையும் வீடும் தருவதாக எழுதியிருந்தது. கடிதம் வந்து மூன்று வாரம் ஆகியும் அப்பா வீட்டில் மூச்சு விடவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வடகவுஞ்சிக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த பஸ்ஸிலேயே அப்பாவும் வந்தார். மாமா வீட்டு முற்றத்தில் எல்லோரும் பார்க்க, தாம் எழுதிய பதிலின் நகலை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். கேட்கிற விவசாயிகள் எல்லோருக்கும் இதைச் சும்மா கொடுக்கப் போகிறேன், ஒருவருக்கு மட்டும் தர முடியாது என்று அதில் இருந்தது. நான் தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னேன். பிள்ளைக்கு இங்கிலீஷ் சரியாக வருமா என்று மாமா கேட்டார். மறுநாள் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொண்டுபோய் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அதன் பிறகுதான் எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கை நனைத்தார்.

அன்றைக்கு முற்றத்தில் அம்மா மட்டும் விடவில்லை.

“பதில் போட்டதை என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா நம்பியிருப்பியா?” என்றார் அப்பா.

மூவரும் ஒரே பஸ்ஸில் வீடு திரும்பினோம்.

கடைசி இரண்டு வருடம் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். பேச்சும் போய்விட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக்கூட அம்மா இரண்டு இடத்தில் விசாரித்த பிறகுதான் கொடுத்தார். உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூட வரவிடவில்லை.

கூப்பிட்ட நேரமெல்லாம் வண்டியெடுத்து வந்து அப்பாவைப் பழனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்ற பாய் வீட்டாருக்கும், துக்கத்தில் கூட நின்ற வடகவுஞ்சி, பாலசமுத்திரம் சொந்தங்களுக்கும், தள்ளாத வயதிலும் முதல் ஆளாகத் தோள் கொடுத்த பெரிய மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். காலப்போக்கில் அம்மா அப்பாவை முழுதாக நம்பினார் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதை அடிக்கச் சொன்னார்.

“நம்புனேன்னு எழுதாத. கடேசி வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன்னு எழுது.”