பொட்டு வைத்த டார்ட் போர்டு

குத்து வாங்குவதற்கென்றே ஒரு சாமானைச் செய்து, 'எம்புட்டுக் குத்தினாலும் தாங்கும்' என்று கேரண்டியும் கொடுக்கிற தொழில் எங்களுடையது. வட்டமான பலகையைச் சுவரில் மாட்டி, கூரான சின்ன அம்பை எறிந்து மார்க் எடுப்பார்களே, அந்த டார்ட் போர்டுதான். திருப்பரங்குன்றம் ரோட்டில் ஷெட் போட்டுச் செய்கிறோம். பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. நான் அப்பாவின் ஒரே மகள் செல்வி. காலேஜ் முடித்த கையோடு ஆபீஸில் வந்து உட்கார்ந்தவள், இன்னும் எழுந்திருக்கவில்லை. சொந்தக்காரர்களே முதலாளிகளாக இருக்கிற இடத்தில் காலம் தள்ளுகிற புண்ணியவான்களே, புண்ணியவதிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களிடம் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வேலியில் கிடந்த நார்

முதலில் எங்களுக்குக் கயிறு வியாபாரம்தான். வேலியோரம் வளர்கிற கத்தாழையின் நாரைத் திரித்து விற்றார்கள். தூத்துக்குடிக்கு நார் விற்கப் போன பெரியப்பா, அங்கே ஒரு ஆபீஸ் சுவரில் இந்தப் போர்டைப் பார்த்து விரலால் தடவியிருக்கிறார். அட, நம்ம நாரு! எப்படியோ ஒன்றை வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். அப்பா அதைக் கத்தியால் பிளந்தார். நாரைக் கட்டுக்கட்டாக வெட்டி, நுனி மேலே பார்க்க நிற்க வைத்து, இரும்பு வளையத்துக்குள் நெருக்கி இறுக்கியிருந்தது. அம்பு நாரைக் கிழிக்காமல் நடுவே நுழையும். உருவினால் ஓட்டை தானே மூடிக்கொள்ளும். கண்டுபிடித்தது அண்ணன், செய்து பார்த்தது தம்பி.

திருவாதவூரிலிருந்து நார் கொண்டுவரும் ஒரு விவசாயி, நாங்கள் செய்த முதல் போர்டைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். இது எதுக்கு என்று கேட்டார். பெரியப்பா விளக்கினார். எனக்கு அப்போது பள்ளிக்கூட வயசு. அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

"அடப்பாவிகளா! இம்புட்டுப் பாடுபட்டுச் செய்றது குத்தி ஓட்டை போடத்தானா? வீட்ல ஒங்கள யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

நெற்றியில் ஒன்று

போர்டின் உச்சியில் இருபது என்ற எண் இருக்கும். அதற்கு நேர் கீழே உள்ள பட்டைக்கு எங்கள் ஷெட்டில் 'நெற்றி' என்று பெயர். எந்தப் போர்டும் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் சுவரில் ஏறும். பெரியப்பா தரையில் போட்ட கோட்டுக்குப் பின்னால் நின்று, நெற்றியில் ஒரே ஒரு அம்பு போடுவார். 'பொட்டு வைக்கிறது' என்போம். மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி "போய்ட்டு வா தாயி" என்று சொல்லித்தான் அம்பை உருவுவார். ஓட்டை மூடிக்கொள்ளும். அப்பா பக்கத்தில் நின்று அண்ணன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்த பெருமையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அப்பாவுக்குக் குறி பார்த்து எறியவே வராது. பெரியப்பா ஊரில் இல்லாத ஒருநாள் ஆசைப்பட்டு எறிந்தார். முதல் அம்பு காலண்டரில், இரண்டாவது டீ ஃபிளாஸ்க்கில். மூன்றாவதை எடுப்பதற்குள், போர்டு தேய்க்கிற பாண்டியண்ணன் கும்பிட்டபடியே வெளியே போய் நின்றுகொண்டார்.

"மொதலாளி, நீங்க செய்றதோட நிப்பாட்டிக்கங்க. குத்துறத பெரியவர் பாத்துக்கிருவாரு. நாங்க பிள்ளகுட்டிக்காரங்க!"

முள் இல்லாத கடிகாரம்

ஷெட்டுக்கு முன்னால் மாதிரிக்கு ஒன்று மாட்டியிருப்போம். புதுமனை புகுவிழாவுக்குப் பரிசு தேடி வந்த ஒரு அம்மா அதைப் பார்த்து நின்றுவிட்டார். கடிகாரம் என்று நினைத்துவிட்டார். முள்ளைக் காணோமே என்றார். பெரியப்பா பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்தம்மா கிட்டப் போய் எண்களைப் படித்தார். இருபது, பக்கத்தில் ஒன்று, அடுத்து பதினெட்டு, அப்புறம் நாலு. டார்ட் போர்டில் எண்கள் அப்படித்தான் கலைந்து கிடக்கும். குறி தப்பினால் தண்டனையாகச் சின்ன எண்ணில் போய் விழ வேண்டும் என்பதற்காகவே பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எண். இந்த ரகசியம் அப்பாவுக்குத் தெரியும். பெரியப்பாவுக்கு யாரும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. அந்தம்மா போன பிறகும் பெரியப்பா போர்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது அந்தம்மா சொன்னது இதுதான்:

"கடிகாரமோ என்ன கருமமோ, நம்பராச்சும் வரிசையா இருக்க வேணாமாண்ணே? பிள்ளைங்க பாத்தா கெட்டுப்போகாதா?"

வரிசையாக வந்த வினை

அடுத்த மாசமே அப்பாவுக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலைக்கு நடுவில் படுத்திருந்தார், ஷெட் பக்கமே வரவில்லை. அந்தச் சமயம் பார்த்து, மலை மேல் இருக்கிற ஒரு கிளப்பிலிருந்து எங்களுக்கு அதுவரை வராத பெரிய ஆர்டர். தம்பி எழுந்து வந்து பார்க்கும்போது அசந்துபோகணும் என்று பெரியப்பாவுக்கு ஆசை. எண்களை அப்போது போர்டிலேயே அச்சடிப்போம். புது அச்சு செய்யச் சொன்னார். உச்சியில் இருபது, அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று என்று கடிகாரம் மாதிரி சுற்றிவந்து பத்தொன்பது. சுத்தமான வரிசை. ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து லாரி ஏற்றினார்.

இந்த வரிசை ஆட்டத்துக்கு ஆகாது என்று கிளப்பில் சொல்லிவிட, லாரி போன வேகத்தில் திரும்பி வந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அப்பா அன்றைக்குத்தான் முதல்முதலாக ஷெட்டுக்கு வந்திருந்தார். ஆட்கள் போர்டுகளை இறக்க இறக்க அவருக்குக் கோபம் தலைக்கேறியது. அதுவரை அண்ணனை 'நீங்க' என்று மட்டுமே கூப்பிட்டவர், லோடுமேன்கள் முன்னால், "ஒண்ணுல இருந்து இருபது வரைக்கும் எண்ணத் தெரிஞ்சிட்டா போர்டு செஞ்சிரலாம்னு நெனச்சியா? இது என்ன பால்வாடியா?" என்று கத்திவிட்டார். அந்த 'நீ' வாயை விட்டுப் போன மறு நிமிஷமே அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பெரியப்பா சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கிற அம்பை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இனிமே ஒன் போர்டுக்கு நீயே பொட்டு வச்சுக்க."

இரண்டு மேஜை, ஒரு செல்வி

அதற்குப் பிறகு ஒரே அறையில் எதிரெதிர் மேஜையில் இருவரும் உட்கார்ந்து, வருஷக்கணக்காக ஒரு வார்த்தை பேசாமல் கம்பெனி நடத்தினார்கள். நடுவில் நான். "செல்வி, ஒங்க பெரியப்பாட்ட சொல்லு, வளையம் தீந்துபோச்சு." "செல்வி, ஒங்கப்பன்ட்ட சொல்லு, எனக்கும் காது கேக்குது." இப்படியே என் இளமை போனது. உங்களில் எத்தனை பேருக்கு இந்த உத்தியோகம் வாய்த்ததோ, உங்கள் காலில் விழுந்து கும்பிடுகிறேன்.

பொட்டு வைக்க ஆளில்லை. அப்பா போர்டு வரைக்கும் நடந்துபோய், அம்பைக் கையாலேயே நெற்றியில் குத்திவிட்டு, எதிர் மேஜையை ஒருதரம் பார்ப்பார். அங்கே பெரியப்பா கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார். அப்பாவுக்கு வேண்டியது மன்னிப்புகூட இல்லை. அண்ணன் வாயால் ஒருதடவை 'தம்பி' என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். பாவம், அதற்காக ஏங்கிப்போய் இருந்தார். வாசல் பெயர்ப் பலகையில் மட்டும் 'பிரதர்ஸ்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். புதிதாக வந்த கூரியர்க்காரத் தம்பி இரண்டு மேஜைக்கும் நடந்து அலுத்துப்போய், என்னிடம் வந்து குனிந்து மெதுவாகக் கேட்டது:

"யக்கா, இதுல கையெழுத்துப் போடுற பிரதர் யாரு, பேசுற பிரதர் யாரு?"

டிரம் மூடி

திரும்பி வந்த போர்டுகளை உடைத்துப் போட அப்பாவுக்கும் மனசில்லை, பெரியப்பாவும் விடவில்லை. குடோனில் கிடந்தன. ஒன்று தண்ணீர் டிரம்முக்கு மூடி, ஒன்று பாண்டியண்ணன் சாப்பிட உட்கார்கிற பலகை. விளக்குத்தூண் பக்கம் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிற காதர் பாய், சென்ற வருஷம் சரக்கு எடுக்க வந்தவர், தண்ணீர் குடிக்கப் போய் அந்த மூடியைப் பார்த்தார். சும்மா கிடக்கிறதைக் கொடுங்களேன் என்று, கரையான் தின்றது போக மிஞ்சிய நாலைந்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். கோச்சடையில் சாயங்காலம் கூடுகிற ரிட்டயர்டு ஆட்களுக்குக் கொடுத்தாராம்.

ஒரு வாரத்தில் பாய் திரும்ப வந்தார். இதே மாதிரி இன்னும் வேண்டும், வரிசை மாறக் கூடாது என்றார். இரண்டு மேஜையிலும் தலை நிமிர்ந்தது. யார் செய்தது என்று பாய்க்குத் தெரியாது. அவர் பாட்டுக்கு நடு அறையில் நின்று சொன்னார்:

"மாஷா அல்லா, யாரோ நல்ல மனசுக்காரர் செஞ்ச போர்டும்மா அது. பதினெட்டப் பாத்து எறிஞ்சா, கை இங்கிட்டு நடுங்குனா பதினேழு, அங்கிட்டு நடுங்குனா பத்தொம்பது. வயசானவங்கள அவமானப்படுத்தவே மாட்டேங்குது!"

மறுபடி பொட்டு

பாய் போனதும் அப்பா எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு மெஷினுக்குப் பின்னால் கையை விட்டு, சாக்கில் சுற்றி வைத்திருந்த ஒன்றை இழுத்தார். பெரியப்பா செய்யச் சொன்ன பழைய அச்சு. அதை எப்போதோ கொளுத்தியிருப்பார் என்றுதான் நானும் பெரியப்பாவும் நினைத்திருந்தோம். புதுப் போர்டை அப்பா தானே இறுக்கி, தானே தேய்த்து, தானே அச்சடித்தார். காய்ந்ததும் சுவரில் மாட்டினார். வழக்கம்போல அம்பை எடுத்துக்கொண்டு போர்டுப் பக்கம் நடப்பார் என்று பார்த்தால், எதிர் மேஜைக்கு நடந்தார். என்னைக் கூப்பிடவில்லை. "அண்ணே, பொட்டு நீங்க வைங்க" என்று சொல்லி அம்பை வைத்தார். குரல் உடைந்துவிட்டது.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மெல்ல எழுந்து கோட்டுக்குப் பின்னால் நின்றார். அவருக்கும் வயசாகிவிட்டது, கை லேசாக ஆடியது. பாண்டியண்ணன் நகராமல் அதே இடத்தில் நின்றார். பெரியப்பா எறிந்தார். அம்பு நெற்றியை விட்டு இடது பக்கம் ஒதுங்கிப் போய்க் குத்தி நின்றது. அந்தக் கை தப்பி நாங்கள் பார்த்ததே இல்லை. பெரியப்பா கிட்டப் போய் எண்ணைப் பார்த்தார், அப்புறம் திரும்பி அப்பாவைப் பார்த்தார்.

"ஒன் போர்டா இருந்தா இது வெறும் அஞ்சு. எம்போர்டுல பத்தொம்பது, பாத்தியா தம்பி?"

அன்றைக்கு ஆரம்பித்த பேச்சை இரண்டு பிரதர்ஸும் இன்னும் நிறுத்தவில்லை என்பதால், நடு மேஜையில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் போனில் வருகிற ஆர்டர் ஒன்றுகூட இப்போதெல்லாம் சரியாகக் காதில் விழுவதில்லை.