கட்டிய கால்கள்

சப்பாத்தைக் கழற்றியபின் டீச்சரின் கால்களை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்குப் பயமாகிவிட்டது. மேடையில் தரையைத் தொட்டும் தொடாமலும் ஓடிய கால்கள் அவை, பத்திரிகைகள் எல்லாம் புகழ்ந்த கால்கள். பிளாஸ்டிக் பேசினில் ஊற்றிய உப்புத் தண்ணீருக்குள் அவை பிடுங்கிப் போட்ட இஞ்சிக் கிழங்குகளைப் போலக் கிடந்தன. பெருவிரல்களில் நகமே இல்லை. இதைப் பார்க்க மட்டும் யாரும் டிக்கட் வாங்குவதில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

எல்கடுவையில் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கரின் மகளாகப் பிறந்து, லண்டன் வரை போய் பாலே ஆடிப் பேர் வாங்கி, மாத்தளைக்குத் திரும்பி வந்து எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஊர் வைத்த பெயர் நுனிக்கால் டீச்சர். கடைத்தெருவில் நடக்கும்போதுகூட அவருடைய பாதங்கள் இரண்டும் வெளிப்பக்கம் திரும்பியே இருக்கும். வாத்து நடை என்று கேலி செய்வார்கள். வாத்துக்கு நீந்தவும் தெரியுமே என்பார்.

கடைசிக் காலத்தில் அந்தக் கால்களுக்கு நான்தான் எண்ணெய் தேய்த்துவிடுவேன். அப்படி ஒரு நாள் சொன்னார்: "சப்பாத்து ரிப்பன் கட்டிக் கட்டியே இந்தக் காலு ஓஞ்சு போச்சு. செத்த பொறகு பெருவெரல ரெண்டையும் சேத்துக் கட்டுவாங்கள்ல, அத மட்டும் செய்ய விட்றாத பிள்ள." அதற்கெல்லாம் இன்னும் காலம் இருக்கிறது டீச்சர் என்று சமாளித்தேன். இருக்கவில்லை.

மலர்ச்சாலையில் பதப்படுத்தி முடித்து உடலைப் பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவருடைய அக்கா வெள்ளைத் துணியைக் கிழித்தார். நான் விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சினேன். அந்த அம்மா கோபப்படவில்லை. அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"கட்டாம அனுப்புனா அலைஞ்சிக்கிட்டே இருப்பா தாயி. அவ ஊரூரா அலைஞ்சது போதும். இனியாச்சும் ஒரு எடத்துல இருக்கட்டும்."

வீம்பு என்றால் சண்டை போட்டிருப்பேன். அது பாசம்.

ஆனால் கால்கள் சேரவில்லை. குதிகால்கள் ஒட்டி நின்றன, பாதங்கள் வெளிப்பக்கம் விரிந்தன. எங்களுக்கு அவர் கற்றுக்கொடுத்த முதல் நிலையே அதுதான். இரண்டு பெண்கள் பிடித்து அழுத்த, அக்கா துணியை இறுக்கி முடிச்சுப் போட்டார். நான் வெளியே எழுந்து போய்விட்டேன்.

சுடலையில் கால்கட்டை அறுத்துவிடுவது வழக்கம்தானே என்று அக்காவே பிறகு என்னைத் தேற்றினார். அதையே பிடித்துக்கொண்டேன். பெண்கள் அங்கே போவதில்லை என்பதால், அந்த அக்காவின் மகனிடம் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்து, மறந்துவிடாதே என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினேன்.

இன்றும் யாராவது அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் மேடையில் பறந்தவர் என்றுதான் தொடங்குகிறார்கள். அதற்குமேல் எனக்குக் கேட்கப் பிடிப்பதில்லை. அன்று மாலை சுடலையிலிருந்து திரும்பி வந்த பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த பிரேதமும் வந்துவிட்டதாம், அவசரத்தில் பெட்டியை மறுபடி திறக்கவே இல்லையாம்.

"கட்டோடயே போயிட்டாங்க அக்கா" என்று என்னிடம் சொல்லிக் கத்தரிக்கோலைத் திருப்பித் தந்தான்.